பெரியமலைப் படிப்பூசை

டீச்சர்,

இன்று காலை என் விளையாட்டுப் பையைக் கவிழ்த்துக் கொட்டியபோது உங்கள் முழங்கால் உறை கீழே விழுந்தது. பழுப்பு நிறம், ஓரத்தில் நூல் பிரிந்தது. மூக்கருகே கொண்டு போனேன். தைல வாடை இன்னும் போகவில்லை. ரிட்டையர் ஆன பிறகும் இந்தப் பையை விடமாட்டேன் என்கிறேன் என்று கேலி செய்வீர்களே, அதே பைதான். எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில், துண்டு, மாத்திரை எல்லாம் இதில்தான். அடியில் உங்கள் உறை கிடந்தது எனக்கே தெரியாது. வீட்டில் யாரும் இல்லை, நல்லவேளை. உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு பரங்கிமலைக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எடுத்த எடுப்பில் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. முன்கதை இல்லாமல் எதையும் கேட்கமாட்டீர்கள். சரித்திர டீச்சர் அல்லவா.

நம் இருவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்ததே பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்கள் சரித்திர டீச்சர், நான் பி.டி. டீச்சர். நமக்குள்ளும் அதுவேதான், கடைசிவரை 'டீச்சர்', கடைசிவரை 'நீங்க'. உங்கள் வீடு மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால். என் வீடு சாந்தோம் கோயிலுக்குப் பின்னால், குப்பத்தில். நடந்தே போய்விடும் தூரம்தான். ஆனால் இரண்டு தமிழும் ஸ்டாஃப் ரூமில் மோதிக்கொண்டால் மற்றவர்கள் சிரிப்பை அடக்கத் திணறுவார்கள். எனக்குக் கோபம் வந்தால் 'இன்னா டீச்சர்' வந்துவிடும். உங்களுக்குக் கோபம் வந்தால் 'என்ன சொல்றேள்' வந்துவிடும். பிள்ளைகள் முன்னால் மட்டும் இரண்டு பேரும் புத்தகத் தமிழ்.

வருடா வருடம் எட்டாம் வகுப்பைப் பரங்கிமலைக்குக் கூட்டிப்போவோமே. எங்கள் கிறிஸ்தவ ஆட்களுக்கு அது பெரியமலை. அடிவாரத்து வளைவின் கீழ் பிள்ளைகளை உட்காரவைத்து நீங்கள் ஆரம்பிப்பீர்கள். இயேசுவின் சீடர் தோமையார் கடல் கடந்து வந்தார் என்பது ஐதீகம். சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார் என்பது ஐதீகம். இந்த மலைமேல் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்பது ஐதீகம். சாந்தோமில் அடக்கம் செய்தார்கள், மேலே இருக்கும் கற்சிலுவையை அவரே செதுக்கினார், அது இரத்தமாக வியர்த்தது, எல்லாம் ஐதீகம். நீங்கள் சொல்வதைக் கேட்க அப்படி ஓர் அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் அந்த ஒரு வார்த்தை. என் பாட்டன் பூட்டன் எல்லாம் முழந்தாளிட்டு ஏறிய மலை அது. ஒரு வருடம் பொறுக்கமுடியாமல், நீங்கள் 'ஐதீ' என்று தொடங்கும்போதே கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதிவிட்டேன். "ஃபவுல், டீச்சர்" என்றேன். பிள்ளைகள் புரண்டு புரண்டு சிரித்தார்கள்.

நீங்கள் அசரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க தோமையார் என் கட்சி, டீச்சர். உயிர்த்து வந்த இயேசுவையே தொட்டுப் பாக்காம நம்பமாட்டேன்னு சொன்ன ஒரே ஆள் அவர்தான்" என்றீர்கள். வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னபோது அண்ணி சந்தோஷமாகத் தலையாட்டியதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்த வளைவைத் தாண்டி நீங்கள் ஒருநாளும் ஏறியதில்லை. சின்ன வயதில் ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கப்போய் விழுந்து, வலது முழங்கால் சரியாக மடங்காமலே நின்றுவிட்டது. நான் பிள்ளைகளை மேலே ஓட்டிக்கொண்டு போவேன். நீங்கள் கீழே மரத்தடியில் சாப்பாட்டுக் கூடைகளுக்குக் காவல். அந்தக் கற்சிலுவையைப் படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு, அதைச் சுற்றி வெட்டியிருக்கும் பாரசீக எழுத்துவரை பாடம் நடத்தியவர் நீங்கள்.

அப்புறம் எனக்கு மார்பில் கட்டி வந்தது. அடையாறில் ஆஸ்பத்திரி. என் வீட்டில் அண்ணனும் அண்ணியும்தான். அண்ணி காலையில் மீன் கூடையை இறக்கி வியாபாரத்துக்கு உட்கார்ந்தாக வேண்டும். அதனால் காலை வேளை முழுக்க நீங்கள்தான் வந்தீர்கள், மடங்காத காலை இழுத்துக்கொண்டு, பஸ் மாறி, பிளாஸ்க்கில் மிளகு ரசத்தோடு. ஆபரேஷன் அன்று அந்த நீண்ட வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தீர்களாம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அண்ணி சொன்னாள். மருந்து ஏற்றி என் தலைமுடி அத்தனையும் கொட்டிய பிறகு ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் தலையைப் பார்த்து, திருப்பதியா பழனியா என்று கேட்டாள். நீங்கள் சட்டென்று, "அடையார்" என்றீர்கள். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. நாம் இருவரும் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

எல்லாம் முடிந்து டாக்டர், சுத்தமாக இருக்கிறது, இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்று சொன்ன நாள். ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை, தொணதொணவென்று பேசிக்கொண்டே வந்தேன். அடையாறு பாலம் தாண்டியதும், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "டீச்சர், ஒரு காரியம் பண்ணிட்டேன். உங்க ஆபரேஷன் அன்னிக்கு, உங்க சுவாமிகிட்ட எங்க ஆத்து வேண்டுதலை வேண்டிண்டுட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. நீங்கள்தான் விளக்கினீர்கள். முருகன் மலைகளில் படிப்பூசை என்று உண்டு. அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவி, குங்குமம் இட்டு, பூ வைத்து, கற்பூரம் காட்டி ஏறவேண்டும். உங்கள் வீட்டில் பெரிய கண்டம் என்றால் அந்த வேண்டுதல்தான். வராந்தாவில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. பெரியமலை தோமையாரே, இவளைப் பிழைக்கவைத்துக் கொடு, உன் படி அத்தனைக்கும் பூசை பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டீர்கள்.

நான் குபீரென்று சிரித்துவிட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். தோமையார் படிக்கு மஞ்சள் குங்குமம்! அப்புறம்தான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. உங்களுக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு பேச்சாம். வாக்குக் கொடுத்தாயிற்று. நிறைவேற்றாமல் விட்டு, அந்த நோய் மறுபடி எனக்கே திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று தூக்கமில்லாமல் கிடக்கிறீர்களாம். கல்வெட்டு இல்லாமல் ஒரு ராஜாவைக்கூட நம்பாதவர் நீங்கள். என் உயிர் விஷயத்தில் மட்டும் உங்களுக்கு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஆட்டோவில் எனக்கு உங்கள்மேல் வந்த பாசத்தை எந்தத் தமிழில் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

முதலில் உங்கள் மாடவீதிக் குருக்களைக் கேட்டீர்கள். எந்த மலை என்றார். பெரியமலை. எந்த சுவாமி என்றார். தோமையார். அந்தப் பெயரில் எந்த க்ஷேத்திரம் என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டாராம். விஷயம் தெரிந்ததும் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அவர் ஆத்துப் படி அது. அங்க என்ன வழக்கமோ, அவாளைக் கேட்டுண்டு செய்யுங்கோ" என்று மட்டும் சொன்னார். சரி என்று உங்களைச் சாலை வழியாக ஆட்டோவில் மலைமேல் கூட்டிப்போனேன். கோயிலுக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டீர்கள். படி ஏறாமல் உள்ளே போவது குறுக்கு வழியாம்.

ஃபாதர் வெளியே வந்து பொறுமையாகக் கேட்டார். மஞ்சளும் குங்குமமும் வேண்டாம், ஈரம் பட்டால் ஏறுகிறவர்கள் வழுக்கி விழுவார்கள் என்றார். கற்பூரமும் வேண்டாம், காற்றடிக்கிற இடம். படிக்கு ஒரு பூ வைக்கலாம், ஆனால் சாயங்காலத்துக்குள் நாமே பெருக்கி எடுத்துவிட வேண்டும் என்றார். உங்கள் முகம் தெளியவில்லை. மஞ்சள் இல்லாமல் படிப்பூசையா என்ற கவலை. திரும்பி வரும் வழியில் பாதி தூரம் யோசித்துவிட்டு, "மஞ்சள் சாமந்தி வாங்கிடலாம், டீச்சர். மஞ்சளுக்கும் அதுவே ஆச்சு, பூவுக்கும் அதுவே ஆச்சு" என்று நீங்களே தீர்ப்பு எழுதினீர்கள்.

மிச்சமிருந்தது முழங்கால். கால் டாக்டர் படி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்றார். நான் கெஞ்சினேன், கத்தினேன். ஆட்டோவில் மேலே போய்விடலாம், உங்களுக்காகப் படியில் நான் பூ வைத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். "படிப்பூசையை ஆட்டோல பண்ணமுடியுமா?" என்று ஒரே கேள்வி. பிடித்த பிடியை விடவே இல்லை.

அப்போதுதான் எனக்குள் இருந்த பி.டி. டீச்சர் விழித்துக்கொண்டாள். ஏறினால்தானே முழங்கால் மடங்க வேண்டும்? உட்கார்ந்தபடி ஏறினால்? படியில் முதுகு மலைப்பக்கம் இருக்க உட்காருங்கள், இரண்டு கையையும் பின்னால் மேல்படியில் ஊன்றி, நல்ல காலால் உந்தி ஒரு எழும்பு. அவ்வளவுதான். உங்கள் வீட்டு மாடிப்படியில் பயிற்சி கொடுத்தேன். முதல்நாள் இரண்டு படியில் மூச்சு வாங்கியது. மாதக்கணக்கில் விடவில்லை நாம். உங்கள் தோளும் கையும் இறுகின. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து இது என்ன கூத்து என்று கேட்டதற்கு, பி.டி. பீரியட் என்றீர்கள்.

தை மாதத்து ஒரு காலை. வெயில் ஏறுமுன் அடிவாரத்தில் இருந்தோம். நீங்கள் பழைய சுங்குடிப் புடவை, முழங்காலில் உறை. சாமந்திக் கூடை அண்ணியிடம். அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகாமல் வந்திருந்தாள். முதல் படியில் ஒரு பூவை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தீர்கள். கையை ஊன்றினீர்கள். எழும்பினீர்கள்.

ஏறி வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒருவர், தூக்கிக்கொண்டு போகட்டுமா அம்மா என்றார். வேண்டாம், இது என் வேண்டுதல் என்றீர்கள். யாரும் பூவை மிதிக்கவில்லை, ஒதுங்கி ஒதுங்கி ஏறினார்கள். என்ன இது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீங்கள் மூச்சு வாங்கியபடி படிப்பூசை, படிப்பூசை என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு பூசை கீசைன்னுகினு? பூ தான வெய்க்கிற டீச்சரம்மா, படிப்பூன்னு சொல்லிட்டுப் போ" என்றாள். இல்லை, படிப்பூசை என்று திருத்தினீர்கள். அதற்கப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணியே முந்திக்கொண்டு படிப்பூ என்றாள். அவள் வாயில் ஒன்று விழுந்தால் காசிமேடு மீன் சந்தை வரைக்கும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

பாதிக்கு மேல் போனதும் கால் வீங்கிவிட்டது. உறையைத் தாண்டிப் புடைத்துக்கொண்டு நின்றது. நீங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டீர்கள். எனக்குப் பயமும் கோபமும் ஒன்றாக வந்தது. "போதும் டீச்சர், எந்திரிங்க. இன்னா ஆயிடும்? எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது" என்று கத்திவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமாக நான் எதையும் சொன்னதில்லை. நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் நான் அடங்கிவிட்டேன்.

பக்கத்தில் சிலுவைப்பாதையின் ஒரு நிலை. இயேசு சிலுவை சுமந்துபோன காட்சிகளைப் படி நெடுக வைத்திருக்கிறார்களே. சிலுவையோடு இயேசு தரையில் கிடக்கிறார். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது என்ன இடம் என்று கேட்டீர்கள். மூன்றாம் முறை விழுகிற இடம் என்றேன்.

"எழுந்துண்டாரோன்னோ?"

"எழுந்தார், டீச்சர்."

"அப்பறம் என்ன" என்று கையை ஊன்றிவிட்டீர்கள். ஒரு பூ, ஒரு எழும்பு. ஒரு பூ, ஒரு எழும்பு. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி பூவை எடுத்து எடுத்து நீட்டினாள்.

முதுகை மலைக்குக் காட்டிக்கொண்டு ஏறியதில் உங்களுக்கு ஒரு லாபம். படியைப் பார்த்து ஏறுகிற எங்களுக்குத் தெரியாத ஊர் உங்களுக்குத் தெரிந்தது. ஏற ஏற அகன்றுகொண்டே போனது. ரயில் தண்டவாளம், விமானம் இறங்குகிற மைதானம், வளைந்து போகிற அடையாறு, அப்பால் புகையாக ஒரு கோடு, அது கடல். வலியை மறக்கவோ என்னவோ, பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். அதோ அந்த ஆற்றங்கரைச் சின்னமலையில்தான் தோமையார் ஒளிந்திருந்தார், அங்கிருந்துதான் இங்கே வந்தார், இதே படிப்பக்கம்தான் பாறை பாறையாக ஏறியிருப்பார், இங்கிருந்து அவரை அந்தக் கடலோரத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னீர்கள். நான் காத்துக்கொண்டே இருந்தேன். அன்று ஒருமுறைகூட அந்த 'ஐதீகம்' உங்கள் வாயில் வரவில்லை.

கடைசிப் படியில் பூவை வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து எழுந்து நின்றீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும், உங்கள் காது அடைத்துப்போகும்படி விசிலை எடுத்து ஊதினேன். ஆட்டம் முடிந்தால் ஊதுவோமே, அந்த நீள விசில். ஃபாதர் பதறிக்கொண்டு வெளியே வந்தார். உங்களைப் பார்த்ததும், தம் கையாலேயே நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்காரமாட்டேன் என்று நொண்டிக்கொண்டே உள்ளே போனீர்கள்.

எத்தனையோ வருடம் கரும்பலகையில் வரைந்த அந்தச் சிலுவை பீடத்துக்கு மேல் இருந்தது. நீங்கள் எழுத்தைப் படிப்பீர்கள், காலத்தைக் கணிப்பீர்கள் என்று நினைத்தேன். கைகூப்பி, ஆபீசரிடம் பேசுகிற குரலில் சொன்னீர்கள்: "நான் சொன்னதைச் செஞ்சுட்டேன். இனிமே எங்க டீச்சர் பக்கம் அது வரப்படாது." அவ்வளவுதான் உங்கள் ஜெபம். கோயிலில் இருந்த நாலு பேர் முன்னால் நான் உங்களைக் கட்டிப்பிடித்து விக்கி விக்கி அழுதேன். அண்ணியும் நானும் துடைப்பத்தோடு இறங்க, நீங்கள் ஆட்டோவில் இறங்கினீர்கள். இறங்குவதற்கு வேண்டுதல் இல்லை என்று சட்டம் பேசினீர்கள்.

அந்த முழங்கால் அதற்குப் பிறகும் மடங்கவில்லை. ஆனால் ஏறிய கதையை மாடவீதியில் யாரைப் பார்த்தாலும் சொன்னீர்கள். போன மழைக்காலத்தில், தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்விட்டீர்கள். நான் இன்றும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் டாக்டர், நன்றாக இருக்கிறீர்கள் என்கிறார். விடியற்காலை கடற்கரையில் வேகநடை போகிறேன், மெரினாவரை. நான் சுமந்துகொண்டு திரிவது உங்கள் வேண்டுதலைத்தான். இந்த உடம்பு முழுக்க அதுதான் இருக்கிறது.

இன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். நான் படி ஏறத் தொடங்கியபோது எனக்கு முன்னால் ஒரு பெண். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. கையில் பிளாஸ்டிக் பை, பை நிறைய மஞ்சள் சாமந்தி. குனிந்து படிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போகிறாள். பக்கத்தில் போய், என்னம்மா செய்கிறாய் என்று கேட்டேன்.

"படிப்பூ வெய்க்கிறேன்மா. வூட்டுக்காருக்கு நாளைக்கி ஆபரேசன்."

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவள், இதுகூடத் தெரியாதா என்பதாக என்னைப் பார்த்தாள்.

"யாரு சொல்லணும்? அல்லாரும் வெய்ப்பாங்க. தோமையார் காலத்துலேர்ந்து கீது இந்த வழக்கம்."

டீச்சர்! நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால்! எனக்குச் சிரிப்பு வந்து, அழுகை வந்து, எதை முதலில் அடக்குவது என்று தெரியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி வாயின் வேலையாகத்தான் இருக்கும். இதற்கு ஆரம்பம் எது, யார், எந்த ஆஸ்பத்திரி வராந்தா என்று அந்த மலையில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். சொல்லியிருக்கலாம். நீங்களாக இருந்தால் உட்காரவைத்துச் சொல்லியிருப்பீர்கள். எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு அவள் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்.

ஆமாம்மா, பழைய வழக்கம்தான் என்றேன்.

அவள் பையிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்து என்னிடம் நீட்டினாள், நானும் யாருக்காவது வைக்கவேண்டுமாம். வாங்கி, நான் நின்ற படியில் வைத்தேன். யாருக்கு என்று கேட்டாள். எங்கள் டீச்சருக்கு என்றேன்.

"இன்னாமா, ஒடம்பு சரியில்லியா? அவங்களால ஏற முடியலியா?"

"அவங்கதாம்மா மொதல்ல ஏறினாங்க" என்றேன்.

அந்தப் பெண் பையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, நிமிர்ந்து, மேல்படிகளில் உங்களைத் தேடினாள்.